கிருமிக்கும் கைரேகை உண்டு: சென்னை சம்பந்தப்பட்ட மூன்று கதைகள்



டி.என்.ஏ. கைரேகை என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? கொலை வழக்கு, குழந்தைக்குத் தகப்பன் யார் என்கிற வழக்கு, இல்லாவிட்டால் சினிமாவில் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு வரும் தடயவியல் நிபுணர். 1984 செப்டம்பரில் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ் இந்த முறையைக் கண்டுபிடித்தார். இந்தியாவில் இதைக் கொண்டுவந்தவர் ஐதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வகத்தின் லால்ஜி சிங். 1991ல் நம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்த ராஜீவ் காந்தி கொலை வழக்கிலும் அந்த ஆய்வகத்தின் டி.என்.ஏ. சோதனை பயன்பட்டது. இதெல்லாம் பலருக்கும் தெரிந்த கதைதான்.

அவ்வளவாகத் தெரியாத கதை ஒன்று இருக்கிறது. அதே 1984ல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஷ்வார்ட்ஸ், சார்லஸ் கேன்டர் என்ற இருவர் இன்னொரு முறையைக் கண்டுபிடித்தார்கள். அது பிடித்துக் கொடுத்தது மனிதக் குற்றவாளிகளை அல்ல. மருத்துவமனைக்குள் ஒரு படுக்கையில் இருந்து அடுத்த படுக்கைக்குத் தாவுகிற கிருமிகளை!

இந்தக் கட்டுரையில் அந்த முறைகளின் வரலாற்றையும், எந்த முறை எதற்கு உதவும் என்பதையும் பார்க்கப் போகிறோம். வெளிநாட்டு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. சென்னையோடு சம்பந்தப்பட்ட மூன்று சம்பவங்களே போதும்.

முதலில், எதற்கு இந்த ரேகை?

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். செம்மங்குப்பத்தில் இருந்து ஒரு பெரியவரை கடலூர் அரசு மருத்துவமனைக்கோ, சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவமனைக்கோ, ஏதோ ஒரு தனியார் மருத்துவமனைக்கோ கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். வந்த நோய் வேறு. ஐ.சி.யூ.வில் பத்து நாள் இருந்த பிறகு க்ளெப்சியெல்லா என்ற பாக்டீரியா ரத்தத்தில் வந்துவிடுகிறது. அதே வாரத்தில் அதே வார்டில் இன்னும் நான்கு பேருக்கும் க்ளெப்சியெல்லா.

இப்போது இரண்டு விதமாக யோசிக்கலாம். ஐந்து பேருக்கும் வந்தது ஒரே கிருமியின் பிள்ளைகுட்டிகள் என்றால், அது யாருடைய கையிலோ, வென்டிலேட்டர் குழாயிலோ, கை கழுவும் தொட்டியின் வடிகாலிலோ உட்கார்ந்துகொண்டு பரவுகிறது. அந்த மூலத்தைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும். ஐந்தும் ஐந்து வெவ்வேறு கிருமிகள் என்றால், வார்டைக் கழுவி மட்டும் பிரயோஜனம் இல்லை. ஒவ்வொருவர் குடலிலும் ஏற்கனவே இருந்த கிருமிகளே ஆன்டிபயாடிக் மருந்துகளால் தேர்ந்தெடுக்கப்பட்டு மேலே வந்திருக்கலாம். அப்போது மாற வேண்டியது மருந்துச் சீட்டு.

சாதாரண கல்ச்சர் சோதனை இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லாது. "க்ளெப்சியெல்லா நிமோனியே, இந்த இந்த மருந்துக்குக் கேட்காது" என்று மட்டும்தான் ரிப்போர்ட் வரும். திருடனின் ஜாதகம் கேட்டால் "ஆண், மாநிறம், மீசை உண்டு" என்று சொல்வது மாதிரி! அந்த அடையாளம் உள்ளவர்கள் ஊரில் ஆயிரம் பேர் இருப்பார்களே.

டி.என்.ஏ.வுக்கு முன்பும் ஆட்கள் சும்மா இருக்கவில்லை. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களை வைத்து வகை பிரிப்பது ஒரு முறை. 1950களில் ஆஸ்திரேலியாவில் தொடங்கி உலகெங்கும் பிரசவ வார்டுகளை ஆட்டிவைத்த ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமிக்கு 80/81 என்று பெயர் வந்தது இந்த முறையால்தான். இன்னொன்று சீரோ வகைப்பாடு, அதாவது கிருமியின் மேல்தோலில் உள்ள ஆன்டிஜென்னை வைத்துப் பிரிப்பது. நம் முதல் கதை இந்த மேல்தோல் ஏமாற்றிய கதை.

கதை 1: சட்டையை மாற்றிக்கொண்டு வந்த காலரா (1992)

காலரா கிருமியான விப்ரியோ காலரேயில் அதுவரை 138 சீரோ வகைகளை எண்ணி வைத்திருந்தார்கள். அதில் ஓ1 என்ற ஒரே வகைதான் பெரிய கொள்ளைநோயாகப் பரவும் என்பது பாடப்புத்தக விதி. மற்றவை அங்கொன்றும் இங்கொன்றுமாக வயிற்றுப்போக்கு கொடுக்கும், அவ்வளவுதான்.

1992 அக்டோபரில் சென்னையில் அந்த விதி உடைந்தது. காலரா நோயாளிகளிடம் இருந்து எடுத்த கிருமி ஓ1 சோதனைத் திரவத்துக்கு ஒட்டவே இல்லை. பிறகு வேலூர், மதுரை, அடுத்த சில மாதங்களில் கல்கத்தா, வங்கதேசம் என்று கடற்கரையோரமாக ஓடியது. 138 வகைகளில் எதிலும் சேராததால் ஓ139 என்று எண் கொடுத்தார்கள். ஏற்கனவே ஓ1 காலராவுக்கு எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்த பெரியவர்களையும் இது விடவில்லை. உலகமே பயந்தது.

இது எங்கிருந்து வந்தது? மேல்தோலை மட்டும் பார்த்தால் "புத்தம் புது வில்லன்" என்றுதான் தோன்றும். டி.என்.ஏ. ரேகை எடுத்தபோது கதை மாறியது. ரிபோடைப்பிங் என்ற முறையிலும், ஷ்வார்ட்ஸ்-கேன்டர் முறையிலும் பார்த்தபோது ஓ139ன் உடம்பு, 1961ல் இந்தோனேசியாவில் இருந்து புறப்பட்ட பழைய எல் டோர் காலராவின் உடம்போடு மிக நெருங்கி நின்றது. மேல்தோலைச் செய்யும் ஜீன் தொகுதியை மட்டும் வேறொரு பாக்டீரியாவிடம் இருந்து வாங்கி மாற்றிக்கொண்டிருக்கிறது. ஆள் பழைய ஆள், சட்டை மட்டும் புதுசு!

இதற்கு வைத்த பெயர் "ஓ139 பெங்கால்". வங்காள விரிகுடாக் கரையில் தோன்றியதால் அந்தப் பெயர். அந்தக் கணக்கில் நம் கடலூரும் அந்தக் கரையில்தான் இருக்கிறது. நோய்க்கு ஊர்ப்பெயர் வைக்கும் இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பவும் வரும்.

முறைகள்: ஒரு சின்ன அறிமுகம்

அடுத்த கதைக்குப் போகும் முன் கருவிகளைப் பார்த்துவிடுவோம்.

1) பல்ஸ்டு ஃபீல்ட் ஜெல். ஷ்வார்ட்ஸ்-கேன்டர் முறைக்கு இதுதான் பெயர். பாக்டீரியாவை அகரோஸ் ஜெல்லியில் பதித்து, அதற்குள்ளேயே செல்லை உடைத்து, அரிதாக வெட்டும் ஒரு என்சைமைப் போடுவார்கள். முழு டி.என்.ஏ.வும் சுமார் 10 முதல் 20 பெரிய துண்டுகளாகும். சாதாரண ஜெல்லில் இவ்வளவு பெரிய துண்டுகள் பிரியாமல் ஒரே இடத்தில் தேங்கிவிடும். அதனால் மின்சாரத்தின் திசையை மாற்றி மாற்றிக் கொடுப்பார்கள். பெரிய துண்டு திரும்பி நிமிர அதிக நேரம் எடுக்கும், சின்னது சட்டென்று திரும்பி ஓடிவிடும். கடைசியில் பார்கோடு மாதிரி பட்டைகள் கிடைக்கும். 1995ல் டெனோவரும் மற்றவர்களும் ஒரு விதி வகுத்தார்கள்: பட்டை வித்தியாசம் இல்லை என்றால் ஒரே கிருமி, 2-3 என்றால் நெருங்கிய சொந்தம், 4-6 என்றால் சொந்தமாக இருக்கலாம், 7 அல்லது அதற்கு மேல் என்றால் சம்பந்தமில்லை. முடிவு வர இரண்டிலிருந்து நான்கு நாள். பொறுமையும் கைப்பழக்கமும் வேண்டும்.

2) ரிபோடைப்பிங் (1986). ரிபோசோம் ஆர்.என்.ஏ. ஜீன்கள் இருக்கும் துண்டுகளை மட்டும் பார்ப்பது. நம்பகமானது. ஆனால் நெருங்கிய சொந்தங்களைப் பிரிக்கும் திறன் குறைவு.

3) ரேப்பிட் (1990). சும்மா ஒரு குட்டி பிரைமரைப் போட்டு பி.சி.ஆர். ஓட்டுவது. மலிவு, ஒரே நாளில் முடியும். ஆனால் இன்று ஒரு பட்டை, நாளை வேறு பட்டை, பக்கத்து ஆய்வகத்தில் இன்னொரு பட்டை! ஒரே நாளில், ஒரே மெஷினில் ஓட்டிய மாதிரிகளை மட்டும்தான் தைரியமாக ஒப்பிடலாம்.

4) எம்.எல்.எஸ்.டி. (1998). பொதுவாக ஏழு ஜீன்களின் எழுத்துவரிசையைப் படித்து, அந்தக் கூட்டணிக்கு ஒரு எண் கொடுப்பது. பட்டையைப் பார்த்து "இது கொஞ்சம் மேலே இருக்கிற மாதிரி இருக்கே" என்று சண்டை போட வேண்டியதில்லை. சிதம்பரத்தில் எடுத்த எண்ணை சிகாகோவில் எடுத்த எண்ணோடு ஒப்பிடலாம். ஆனால் பல லட்சம் எழுத்துகளில் சில ஆயிரத்தை மட்டும்தான் இது படிக்கிறது.

5) முழு மரபணு வரிசை. கிட்டத்தட்ட எல்லா எழுத்தையும் படித்துவிடுவது. 1995ல் முதன்முதலாக ஒரு பாக்டீரியாவின் (ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சே) முழு டி.என்.ஏ. படிக்கப்பட்டபோது அது பெரிய சாதனை. இன்று பல ஆய்வகங்களில் அன்றாட வேலை. அமெரிக்காவில் உணவுக் கிருமிகளைக் கண்காணிக்கும் பல்ஸ்நெட் அமைப்பு, 1996ல் இருந்து ஜெல் பட்டைகளை நம்பியிருந்தது; 2019ல் முழு வரிசைக்கு மாறிவிட்டது.

கதை 2: கைரேகைக்குச் சிக்காத கள்ளச்சாவி (2010)

2010 ஆகஸ்டில் லான்செட் தொற்றுநோய் இதழில் ஒரு கட்டுரை வந்தது. முதல் பெயர் கார்த்திகேயன் குமாரசாமி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தைச் சேர்ந்த இளம் ஆய்வாளர். கூடவே பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிமோதி வால்ஷும் வேறு பலரும். விஷயம், என்.டி.எம்-1 என்ற ஜீன். இது இருக்கும் பாக்டீரியா, கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கார்பாபெனம் மருந்துகளையே உடைத்துப் போட்டுவிடும். சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியா-பாகிஸ்தானின் மற்ற இடங்களில் 73 மாதிரிகளில் இந்த ஜீன் இருந்தது. பெரும்பாலானவற்றுக்கு டைஜிசைக்ளின், கொலிஸ்டின் என்ற இரண்டு மருந்துகள்தான் மிச்சம்.

அந்தக் கட்டுரையில் எல்லோரும் பேசியது ஒன்று, கவனிக்க வேண்டியது இன்னொன்று.

எல்லோரும் பேசியது பெயர். "நியூ டெல்லி மெட்டாலோ பீட்டா லாக்டமேஸ்" என்பதன் சுருக்கம்தான் என்.டி.எம். டெல்லிக்குப் போய்வந்த, ஸ்வீடனில் வசித்த இந்திய வம்சாவளி நோயாளி ஒருவரிடம் 2008ல் இந்த ஜீன் முதலில் பிடிபட்டதால் அப்படி வைத்தார்கள். பிரிட்டன் நோயாளிகள் பலர் இந்தியாவுக்கோ பாகிஸ்தானுக்கோ வந்து போனவர்கள் என்றும் கட்டுரை சொன்னது. மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கும் சதி என்று நாடாளுமன்றம் வரை சத்தம். 2011 ஜனவரியில் லான்செட் ஆசிரியர் ரிச்சர்ட் ஹார்ட்டன் டெல்லிக்கு வந்தபோது, ஊர்ப்பெயர் வைத்தது தவறு என்று வருத்தம் தெரிவித்தார். 2015ல் உலக சுகாதார நிறுவனம் புது நோய்களுக்கு ஊர்ப்பெயர் வைக்க வேண்டாம் என்று வழிகாட்டுதலே வெளியிட்டது.

கவனிக்க வேண்டியது பட்டைகள். ஹரியானாவின் க்ளெப்சியெல்லா மாதிரிகளை ஜெல்லில் ஓட்டியபோது எல்லாம் ஒரே குடும்பமாக வந்தன. சென்னையிலும் பிரிட்டனிலும் எடுத்தவை அப்படி இல்லை, பலதரப்பட்டவை. வெறும் ரேகையை நம்பும் ஒருவர் இதைப் பார்த்து "சென்னையில் பரவல் இல்லை, தனித்தனி கேஸ்கள்" என்று நிம்மதியாகத் தூங்கப் போயிருப்பார்!

உண்மை நேர் எதிர். அந்த ஜீன் பெரும்பாலும் பிளாஸ்மிட் என்ற சின்ன டி.என்.ஏ. வளையத்தில் இருந்தது. சென்னை, பிரிட்டன் மாதிரிகளில் அந்த வளையம் ஒரு பாக்டீரியாவில் இருந்து இன்னொன்றுக்கு எளிதாகக் கைமாறியது. ஹரியானா மாதிரிகளில் அப்படி மாறவில்லை. அதாவது ஹரியானாவில் பரவியது ஒரு திருடன். சென்னையில் பரவியது கள்ளச்சாவி! திருடன் ஒருவனே என்றால் கைரேகை பிடித்துக் கொடுக்கும். சாவி கைமாறிக்கொண்டே இருந்தால், ஒவ்வொரு வீட்டிலும் வேறு வேறு ரேகைதான் கிடைக்கும்.

இரண்டுக்கும் மருந்து வேறு. திருடனை அந்த மருத்துவமனையிலேயே தனிமைப்படுத்திப் பிடிக்கலாம். சாவிக்கு வேலி போட வேண்டுமானால் கழிவுநீர், குடிநீர், மருந்துக்கடை எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். 2011ல் வந்த ஆய்வு ஒன்று டெல்லியின் 171 கசிவுநீர் மாதிரிகளில் 51லும், 50 குடிநீர் மாதிரிகளில் 2லும் அந்த ஜீனைக் கண்டது.

பெயருக்காகச் சண்டை போட்ட நேரத்தில் இதைப் பற்றிப் பேசியிருக்கலாம் என்பது என் எண்ணம். அவமானம் நியாயமானதுதான், ஆனால் பெயரை மாற்றினால் பிளாஸ்மிட் நிற்காது. நல்லவேளை, வேலை செய்தவர்களும் இருந்தார்கள். 2012 ஆகஸ்டில் இந்திய மருத்துவ அமைப்புகள் சென்னையில் கூடி "சென்னைப் பிரகடனம்" தயாரித்தன. 2013ல் எச்1 அட்டவணை அறிவிக்கப்பட்டு, 2014 மார்ச்சில் இருந்து கார்பாபெனம் உள்ளிட்ட பல ஆன்டிபயாடிக்குகளை விற்றால் மருந்துக்கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றானது.

இடைவேளை: ஒரே எண் இருந்தால் போதுமா?

2011ல் அமெரிக்காவின் என்.ஐ.எச். மருத்துவமனையில் க்ளெப்சியெல்லா 18 நோயாளிகளுக்குப் பரவியது. 11 பேர் இறந்தார்கள், அதில் 6 மரணங்களுக்கு இந்தக் கிருமியே காரணம் என்று கணக்கிட்டார்கள். முதல் நோயாளி ஜூலை நடுவில் வீட்டுக்குப் போய்விட்டார். இரண்டாவது நோயாளி தெரிய வந்தது மூன்று வாரம் கழித்து. ஒரே கிருமியா?

எம்.எல்.எஸ்.டி. எண் ஒன்றுதான்: எஸ்.டி.258. ஆனால் அமெரிக்காவில் அந்த வகைக் கிருமிகளில் பெரும்பாலானவை எஸ்.டி.258தான்! "குற்றவாளியின் பெயர் முருகன்" என்று தெரிந்த மாதிரி. தமிழ்நாட்டில் எத்தனை முருகன்? முழு வரிசையைப் படித்து, 50 லட்சத்துக்கு மேற்பட்ட எழுத்துகளில் விரல்விட்டு எண்ணக்கூடிய வித்தியாசங்களைத் தேடிய பிறகுதான், முதல் நோயாளியிடம் இருந்தே எல்லாம் கிளம்பியது என்று நிரூபிக்க முடிந்தது.

கதை 3: கண்ணீர்த் துளிக்குள் (2023)

மூன்றாவது கதை எண்களால் நெஞ்சை உறுத்துவது. 2022 மே மாதத்தில் இருந்து அமெரிக்காவின் வெவ்வேறு மாநிலங்களில் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா கிடைக்கத் தொடங்கியது. ஒருவருக்குக் கண்ணில், ஒருவருக்குச் சளியில், ஒருவருக்குச் சிறுநீரில், ஒருவருக்கு ரத்தத்தில். ஒருவரை ஒருவர் பார்த்தே இராத நோயாளிகள்.

வரிசை படித்தபோது எல்லாம் எஸ்.டி.1203. இந்த எண், என்.ஐ.எச். கதையின் எண் மாதிரி ஊரெல்லாம் இருப்பது அல்ல. விம், ஜெஸ் என்ற இரண்டு ஜீன்களோடு சேர்ந்த இந்த வகை அமெரிக்காவில் அதற்கு முன் பார்க்கப்படாதது. "முருகன்" இல்லை, ஊரிலேயே ஒருவருக்குத்தான் இருக்கும் பெயர்! மாநிலம் தாண்டி இதே பெயர் வந்தால் பொதுவான மூலம் ஒன்று இருந்தே தீர வேண்டும். விசாரித்தபோது பெரும்பாலானோர் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்து பயன்படுத்தியிருந்தார்கள். அதிகம் பேர் சொன்ன பிராண்ட் எஸ்ரிகேர். தயாரிப்பாளர், சென்னையை அடுத்த செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள குளோபல் ஃபார்மா. நோயாளிகளிடம் வாங்கிய திறந்த பாட்டில்களில் இருந்த கிருமியும் இதே ரேகை.

2023 பிப்ரவரியில் நிறுவனம் மருந்தைத் திரும்பப் பெற்றது. அமெரிக்க எஃப்.டி.ஏ. ஆய்வாளர்கள் தொழிற்சாலைக்கு வந்து, கிருமி நீக்கம் சம்பந்தமான பல குறைகளை எழுதினார்கள். தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை தான் சோதித்த மாதிரிகளில் கிருமி இல்லை என்றது. 2023 மே வரையான கணக்கில் 18 மாநிலங்களில் 81 நோயாளிகள். 14 பேருக்குப் பார்வை போனது, 4 பேருக்குக் கண்ணையே எடுக்க வேண்டியதாயிற்று, 4 பேர் இறந்தார்கள்.

ஒரு விசித்திரம்: விம் என்ற பெயரில் இருக்கும் "வி", இத்தாலியின் வெரோனா நகரம். ஜெஸ் என்பதில் பிரெஞ்சு கயானா. ஆக, ஊர்ப்பெயர் வைப்பது டெல்லியை மட்டும் குறிவைத்த சதி அல்ல, அந்தத் துறையின் பழைய வழக்கம். மோசமான வழக்கம்தான்!

அப்படியானால் எந்த முறை சிறந்தது?

பரீட்சைக்கு என்றால் "முழு மரபணு வரிசையே சிறந்தது" என்று எழுதி இரண்டு மார்க் வாங்கிவிடலாம். ஆனால் மூன்று கதைகளும் சொல்வது வேறு. எந்தக் கேள்விக்கு விடை வேண்டும் என்று தெரியாமல் ரேகை எடுத்துப் பயன் இல்லை.

மேல்தோலைப் பார்த்தால் புதியவன், உள்ளே பார்த்தால் பழையவன் என்றது காலரா. ஆளைப் பார்த்தால் தொடர்பில்லை, சாவியைப் பார்த்தால் தொடர்பு உண்டு என்றது என்.டி.எம். ஒத்துப்போகும் எண் ஊரில் எவ்வளவு அரிதோ அவ்வளவுக்குத்தான் அது சாட்சி என்றன எஸ்.டி.258ம் எஸ்.டி.1203ம். முழு வரிசைகூட "இவை சொந்தம்" என்று மட்டுமே சொல்லும். யாரிடம் இருந்து யாருக்கு, எந்தக் குழாய் வழியாக, எந்த பாட்டில் வழியாக என்பதற்கு, வார்டு பதிவேட்டைப் புரட்டி நோயாளியிடம் கேள்வி கேட்கும் ஒரு மனிதர் வேண்டும்.

ஐ.சி.எம்.ஆர். 2013ல் மருந்து எதிர்ப்புக் கண்காணிப்பு வலையமைப்பைத் தொடங்கியது. பெரிய ஆய்வகங்கள் வரிசை படிக்கின்றன. ஆனால் நம் பக்கத்துப் பெரியவரின் ரத்தம் போகும் சின்ன ஆய்வகத்தில் ரேகை எடுக்கும் மெஷின் இருக்கப் போவதில்லை. அங்கே முதலில் வேண்டியது இன்னும் எளிமையானது: ஒரே வார்டில், ஒரே வாரத்தில், ஒரே மாதிரி ரிப்போர்ட் மூன்று வந்தால் "என்ன இது?" என்று கேட்டு, அந்தக் கிருமிகளைக் குப்பையில் கொட்டாமல் ஃப்ரீசரில் எடுத்துவைக்கும் பழக்கம். கிருமி பத்திரமாக இருந்தால் ரேகையை நாளைக்குக்கூட எடுக்கலாம். கொட்டிவிட்டால் எந்த மெஷின் வந்தும் புண்ணியம் இல்லை.

மைக்ரோபயாலஜி படிக்கும் நண்பர்களே, லேப் பரீட்சைக்கு ஜெல் ஓட்டும்போது பட்டை சரியாக வரவில்லை என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பட்டைக்குப் பின்னால் ஒரு வார்டே இருக்கலாம். சந்தேகம் இருந்தால் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். அடுத்த கட்டுரையில் சந்திப்போம்!